இடுப்புப் பெல்ட்டும் வலக்கால் பெருவிரலும்

அன்று கொட்டகைக்குள் இருந்தவர்கள் இவர்கள்.

நஸீர் காக்கா. கொட்டகை அவருடையது. ஏறாவூர்க்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். கட்டாரில் நெடுங்காலம் லொறி ஓட்டிவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு இந்த ஜிம்மை நடத்துகிறார்.

தவம். என்னோடு நெல் மில்லில் மூடை தூக்குகிறவன். சித்தாண்டியில் எங்கள் ஒழுங்கையில்தான் அவன் வீடும்.

காக்காவின் ஆடு. கதவடியில் படுத்திருந்தது.

பெல்ட். அதையும் ஆளாகத்தான் எண்ண வேண்டும்.

பிறகு நான். யோகன். எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. கொட்டகைக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் மூடை தூக்குகிறவனுக்கு நாட்டாமை என்று பெயர். பெயர்தான் பெரிது. வேலை என்னவென்றால், முதுகில் நெல் மூடையோடு பலகையில் ஏறி லொறிக்குள் அடுக்குவது. பலகை ஒரு அடி அகலம். வழுக்காமல் இருக்கக் குறுக்கே சட்டம் அடித்திருக்கும். ஒவ்வொரு சட்டத்திலும் கால் விரலைத் தூக்கி வைக்க வேண்டும். விரல் தட்டினால் ஆளும் மூடையும் கீழே. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

வேலை முடிந்து ஏன் ஜிம்முக்கும் போய்ப் பாரம் தூக்குகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். மில்லில் தூக்கினால் கூலி. அங்கே தூக்கினால் கைதட்டு. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மாவட்டப் போட்டி வந்துகொண்டிருந்தது. நிலத்தில் கிடக்கிற கம்பியைப் பிடித்து இடுப்போடு நிமிர்கிற பிரிவில் என் பெயரைக் கொடுத்திருந்தார் காக்கா.

பெல்ட் அவர் கட்டாரில் இருந்து கொண்டுவந்தது. தடித்த தோல். சுற்றிலும் ஒரே அகலம். கொளுக்கியில் இரண்டு ஊசி. கொட்டகைக்கே அது ஒன்றுதான். பாரம் கூடும்போது முறைக்கு முறை வாங்கிக் கட்டுவோம். எல்லோருடைய வேர்வையும் அதில் இருந்தது. முதுகைக் காப்பாற்றுவது அதுதான் என்று எல்லோரும் நம்பினோம். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு காவல்.

அதைக் கட்டின விதத்தைச் சொல்ல வேண்டும். மில்லில் மூடை தூக்க முன் துவாயை முறுக்கி இடுப்பில் கட்டுவோம். வயிற்றை எக்கி, மூச்சை வெளியே விட்டு, முடிச்சைப் போடுவோம். மூடையை இரண்டு பேர் தலைப்பில் பிடித்து மூன்றாவது ஆளின் முதுகில் ஏற்றும்போது 'ஹேய்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில்தான் இரண்டு பேரின் கையும் ஒன்றாக வரும். சத்தத்தோடு வயிற்றில் இருக்கிற காற்றெல்லாம் போய்விடும். வருடக்கணக்காக இதுதான் பழக்கம். கம்பியையும் அப்படித்தான் தூக்கினேன். யாரும் பிழை என்று சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது.

அன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம். நான் அதுவரை தூக்காத பாரம், நூற்று ஐம்பது கிலோ, கம்பியில் ஏற்றியிருந்தது. வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன். காக்கா வாரை இழுத்தார்.

"இன்னும் ஒரு ஓட்டை இழுங்க காக்கா."

"போதும்டா. குடல் வாயால வந்திரும்."

"வரட்டும் காக்கா," என்றான் தவம். "இண்டைக்கு வெள்ளி. அவன் மரக்கறிதான் திண்டவன். குடலுக்குள்ள கீரைதான் கிடக்கும். உங்கட ஆட்டுக்குப் போடுவம்."

சிரித்தபடியே என் முதுகில் முழங்காலை ஊன்றி அவனும் இழுத்தான். ஊசி அடுத்த ஓட்டையில் விழுந்தது. குனிந்தேன். பிடித்தேன். 'ஹேய்' என்றேன்.

கம்பி முழங்காலைத் தாண்டியது. அந்த இடத்தில் கீழ் முதுகில் ஏதோ நழுவியது. ஈரத் துணி கிழிகிற மாதிரி. சத்தம் வெளியே கேட்கவில்லை, எனக்குள் கேட்டது. கம்பி விழுந்தது. ஆடு எழும்பி ஓடியது. நான் முழங்காலில் நின்றேன்.

காக்கா பெல்ட்டைக் கழட்ட வந்தார். தவம் அவர் கையைப் பிடித்தான்.

"கழட்டாதீங்க. அதுதான் முதுகைப் பிடிச்சிட்டு நிக்குது."

எனக்கும் அது சரியாகப் பட்டது. பெல்ட்டோடு ஓட்டோவில் ஏற்றினார்கள். பெல்ட்டோடு வீட்டில் படுத்தேன். எண்ணெய் போட மட்டும் தளர்த்தி, திரும்பவும் இறுக்கினேன். இரண்டு நாள்.

என் மனைவி சுகந்தி பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் துவைக்கிற வேலைக்குப் போகிறாள். வேலையால் வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

"பெட்டி கட்டுற மாதிரிக் கட்டிக்கிட்டு எங்க பயணம்?"

"முதுகுக்குக் காவல்."

"காவல் எண்டா நோ ஏன் காலுக்கு இறங்கினது?"

நோவு இறங்கியது உண்மை. குண்டியில் தொடங்கி, தொடையின் பக்கத்தால், கெண்டைக்காலின் வெளிப்புறத்தால், பாதத்தின் மேலால் ஓடியது. கரண்ட் அடிக்கிற மாதிரி. படுத்தால் நோ. இருந்தால் அதைவிட. நின்றால் கொஞ்சம் பரவாயில்லை. அதனால் இரவும் பகலும் எழும்புவதும் படுப்பதுமாக இருந்தேன். ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை வளவின் பின்பக்கம் போனேன். சுகந்தி பின்னால் வந்தாள்.

"செருப்பை விட்டுட்டுப் போறீங்க."

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறும் மண்ணில் இருந்தது. எங்கே கழன்றது என்று தெரியவில்லை. கழன்றதே தெரியவில்லை. வலது பெருவிரலைத் தூக்கிப் பார்த்தேன். அது அசையாமல் கிடந்தது. இன்னொருத்தனுடைய விரலைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

சுகந்தி உள்ளே போய் ஓட்டோக்காரனுக்குப் போன் அடித்தாள்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலில் பெல்ட்டைக் கழட்டினார்கள். இடுப்பைச் சுற்றி இரண்டு சிவப்புக் கோடு. அங்கிருந்த டொக்டர் முதுகைப் பார்க்க முன் கேட்ட கேள்வி எனக்குப் புதினமாக இருந்தது.

"மூத்திரம் போகுதா?"

"போகுது."

"போறது தெரியுதா?"

தெரிகிறது என்றேன். ஒரு ஊசியின் மறுபக்கத்தால் உள்தொடையில் தொட்டுப் பார்த்தார். பிறகு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினார். அம்புலன்சில் மல்லாக்கப் படுத்தால் பாதையோரத்து வாவி தெரியாது. அதன் வெளிச்சம் மட்டும் கூரையில் ஆடியது. சுகந்தி பெல்ட்டை ஒரு ஷொப்பிங் பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். எறிய மனம் வரவில்லை, இன்னொருத்தர் சாமான்.

வார்ட்டில் எங்களைப் பார்த்தவர் சின்ன டொக்டர். தெற்குப் பக்கத்துச் சிங்களப் பெண்பிள்ளை. தமிழ் இங்கே வந்து படித்தது. சுவரில் தொங்கின முதுகெலும்புப் படத்தைக் காட்டி விளக்கினார்.

"ஐயா, ஜேம் பணிஸ் தெரியும்தானே?"

"தெரியும்," என்றேன். நடுவில் பழப்பாகு வைத்த மெது ரொட்டி.

"முதுகுல கட்டை கட்டையா எலும்பு. ரெண்டு கட்டைக்கு நடுவுல ஒரு பணிஸ் இருக்கு. அதுதான் டிஸ்க். ஒரு பக்கம் அமத்தினா மத்தப் பக்கத்தால ஜேம் வெளியில வரும். உங்களுக்கு அது வந்து கால் நரம்புல இருக்கு எண்டு நினைக்கிறன். படம் எடுத்தாத்தான் சொல்ல ஏலும்."

பிறகு என் வலது பெருவிரலின் மேல் தன் சுட்டுவிரலை வைத்தார்.

"இப்ப தூக்குங்க. என்ட விரலைத் தள்ளுங்க."

தூக்கினேன். நெற்றி வேர்த்தது. விரல் கிடந்த இடத்தில் கிடந்தது. பாதத்தின் மேல் ஒரு நரம்பு மட்டும் துடித்தது என்று அவர் சொன்னார். நான் காணவில்லை.

"ஒண்டு," என்று தாதிக்குச் சொன்னார்.

ஜிம்மில் கிலோவில் சொல்வார்கள், இங்கே ஐந்தில் சொல்வார்கள். அசைவே இல்லையென்றால் பூச்சியம். துடிப்பு மட்டும் என்றால் ஒன்று. காலைச் சரித்து வைத்தால் அசைகிறது, நேராகத் தூக்க முடியவில்லை என்றால் இரண்டு. தூக்க முடியும், டொக்டர் விரல் வைத்தால் விழுந்துவிடும் என்றால் மூன்று. டொக்டரின் விரலைத் தள்ளிக்கொண்டு மேலே வந்தால் நான்கு. மற்றக் கால் மாதிரியே என்றால் ஐந்து. தினமும் காலையில் இந்தப் போட்டி நடக்கும். எதிரே ஒரு பெண்பிள்ளையின் சுட்டுவிரல். தினமும் தோற்றேன்.

"விரல் வருமா?" என்று கேட்டேன்.

"நரம்பைப் பொறுத்தது ஐயா."

"நான் மூடை ஏத்துற பலகையில..." என்று தொடங்கி விட்டுவிட்டேன். அவருக்குப் பலகையைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

எம்.ஆர்.ஐ. என்கிற படத்துக்கு முறை வரும்வரை படுத்திருக்கச் சொன்னார்கள். மூத்திரத்தைப் போத்தலில் பிடித்து அளந்து வைக்கச் சொன்னார்கள். ஜேம் நடுவில் விழுந்து எல்லா நரம்பையும் அமத்தினால் மூத்திரம் நின்றுவிடும், அப்படி நின்றால் உடனே ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவோம், பிந்தினால் திரும்பி வராது என்று தாதி மிஸ் சொன்னார். அதன் பிறகு எனக்கு வேறு நினைவில்லை. தண்ணீர் குடிப்பேன். போத்தலைப் பார்ப்பேன். போகிறதா? போகிறது. பிறகும் குடிப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் வாகரை மீன்காரர் செல்லையா இருந்தார். தோணி இழுக்கும்போது விழுந்து தொடையெலும்பு முறிந்தவர். காலில் பாரம் கட்டித் தூக்கியிருந்தார்கள். அவருக்கு வாய் மட்டும் வேலை செய்தது.

"இன்னொரு போத்தலா மனே? வாவி பெருகப்போகுது. கடலுக்கு முகத்துவாரம் வெட்டச் சொல்லு."

"நிண்டாத்தான் பயம்."

"நிக்காது. உன்னைப் பார்த்தா நிக்கிற ஆள் மாதிரித் தெரியல்ல. கட்டில்ல கிடந்தே நடக்கிறாய்."

உண்மைதான். கிடந்தபடி நடந்தேன். இடது கால் சும்மா இருக்காது. கை கட்டில் கம்பியைப் பிடிக்கும், விடும். மில்லில் அறுவடை நெல் வந்து குவிகிற நேரம். லொறிச் சத்தம் கேட்டால் எங்கள் லொறியா என்று தலையைத் தூக்குவேன். தாதி மிஸ் ஏசுவார். நாட்டாமைக் கூட்டத்தில் ஒவ்வொருத்தனுக்கும் பலகையில் ஒரு இடம் உண்டு. முன்னால் யார், பின்னால் யார் என்று முறை. நீண்ட நாள் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வருவான். அதில் பிழை சொல்ல முடியாது. லொறி காத்திருக்காது.

தவம் வந்தான். கட்டிலடியில் நின்று பாதத்தையே பார்த்தான்.

"உன்ட இடத்துக்கு ஆள் எடுக்க விடமாட்டன்."

"எத்தினை நாளைக்கு?"

"நீ வாற மட்டும்."

"வராட்டி?"

அவன் செல்லையாவின் காலில் தொங்கின பாரத்தைப் பார்த்தான். "இது எத்தினை கிலோ?" என்று அவரிடம் கேட்டான்.

நஸீர் காக்கா ஆட்டெலும்பு சூப்போடு வந்தது அடுத்த நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில். அவர் வீட்டில் காய்ச்சிக் கொடுத்தது. சுகந்தி என் தலைமாட்டில் இருந்தாள். அவரைக் கண்டதும் கட்டிலுக்கு அடியில் இருந்த ஷொப்பிங் பையை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க. உங்கட சாமான்."

"நான் கேக்கல்லியே தங்கச்சி."

"நீங்க கேக்கல்ல. நான் தாறன். இதைக் கட்டித்தானே இவருக்கு இந்தக் கெதி."

"கட்டினதால இல்ல. கட்டியும்..." என்றவர் நிறுத்தினார். சூப்பு வாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "இது என்ட ஆடில்ல. சந்தையில வாங்கின எலும்பு," என்றார் என்னைப் பார்த்து. அந்த நேரத்தில் அதை ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.

செல்லையா மற்றப் பக்கம் கிறுகிப் படுக்கப் பார்த்தார். கால் விடவில்லை.

பிசியோ மிஸ் அந்த நேரத்தில்தான் வந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட, வேகமாகப் பறைகிற பட்டணத்து ஆள். பையில் இருந்து நீட்டிக்கொண்டிருந்த தோலைக் கண்டார். எடுத்துப் பிரித்தார்.

"நல்ல பெல்ட்டாச்சே. ஆர் கட்டுறது?"

காக்கா வாளியைக் கை மாற்றினார்.

"நான்," என்றேன்.

"எப்பிடிக் கட்டுவீங்க? படுத்தபடி செஞ்சு காட்டுங்க. பெல்ட் வேணாம், வயித்தை மட்டும்."

வயிற்றை எக்கிக் காட்டினேன்.

"தூக்கேக்குள்ள?"

மெதுவாக 'ஹேய்' என்றேன். வார்ட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

மிஸ் சிரிக்கவில்லை. என் கட்டிலோரத்து அலுமாரியில் இருந்த வெறும் பால்மா ரின்னை, தகர டப்பாவை, எடுத்தார். செல்லையாவின் அலுமாரியில் இருந்த, இன்னும் உடைக்காத மீன் ரின்னையும் எடுத்தார்.

"இந்த மீன் ரின்னுக்கு மேல நீங்க ஏறி நிண்டாலும் நெளியாது. உள்ளுக்கு நிரம்பி மூடியிருக்கு. இது வெறும் பால்மா ரின். மூடி இல்லாம ஏறினா நசுங்கிரும். வயிறும் அப்பிடித்தான். காத்தை வயித்து அடிக்கு இழுத்து, சுத்திவர முட்டிப் பிடிச்சா முதுகு அதுல சாஞ்சு நிக்கும். பெல்ட் எதுக்கெண்டா, அந்த வயிறு முட்டுறதுக்கு ஒரு சுவர். நீங்க காத்தை வெளியால விட்டுட்டுச் சுவரை மட்டும் இறுக்கியிருக்கிறீங்க. வெறும் ரின்."

காக்கா கேட்டார். "அப்ப இறுக்கப்படாதா மிஸ்?"

"கட்டினதுக்குப் பிறகு ரெண்டு விரல் நுழைய வேணும். மூச்சை இழுத்தா அந்த இடம் நிரம்ப வேணும். பெரிய பாரத்துக்கு மட்டும் கட்டுங்க, முடிஞ்ச உடனே கழட்டுங்க. நாள் முழுக்கக் கட்டினா வயித்துத் தசை வேலைய மறந்திரும். அடிபட்ட பிறகு ரெண்டு நாள் கட்டிக்கிட்டுக் கிடக்கிறதுக்கு இது மருந்துமில்ல."

தவம் சொன்னதை நினைத்துக்கொண்டேன். அவன் அங்கே இல்லாதது நல்லது.

"அப்பிடிக் கட்டினா ஒண்டும் வராதா?" சுகந்தி கேட்டாள். குரலில் சூடு குறையவில்லை.

"வராது எண்டு நான் சொல்லமாட்டன். குறையலாம். முதுகு வளைஞ்சு தூக்கினா எந்தப் பெல்ட்டும் காப்பாத்தாது. பெல்ட்டைக் கட்டின தைரியத்துல பாரத்தைக் கூட்டினா இன்னும் மோசம்." மிஸ் காக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்கதான் மாஸ்டரா? எங்க பழகினீங்க?"

காக்கா வாளியைப் பார்த்தார்.

"பழகல்ல மிஸ். கட்டார்ல ரூமுக்குக் கீழ ஒரு கடை. மலிவு விலை போட்டிருந்தான். எப்பிடிக் கட்டுறது எண்டு கேட்டன். இறுக்கிக் கட்டு எண்டான்."

"கடைக்காரனா?"

"ஓம். செருப்புக் கடை."

முதலில் சிரித்தது செல்லையா. கால் ஆடி நோவெடுத்து 'ஆ' என்றும் சொன்னார். பிறகு சுகந்தி சிரித்தாள். சிரிக்க விருப்பமில்லாமல் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. காக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் என் பாதத்தில் இருந்தது.

அதன் பிறகு அந்தப் பக்கம் முழுக்க மூச்சுப் பழகியது. மிஸ் என் இரண்டு பக்க விலாவுக்குக் கீழும் கை வைத்து, கையைத் தள்ளு என்றார். தள்ளினேன். காக்கா தன் வயிற்றில் கை வைத்து நின்றபடி தள்ளினார். செல்லையாவும் ஊதினார்.

"ஐயா, உங்களுக்குப் பிரஷர் இருக்கு. நீங்க மூச்சை அடக்கப்படாது."

"அப்ப நான் தோணி இழுக்கிறதெப்பிடி?"

"இழுக்கப்படாது."

"அதை என்ட பெஞ்சாதிக்குச் சொல்லுங்க மிஸ். அவ நம்பமாட்டா."

மிஸ் சுகந்தியையும் கேட்டார், என்ன வேலை என்று. அவள் எழும்பி, ஈர விரிப்பு நிரம்பின தொட்டியைத் தூக்கி இயந்திரத்துக்குள் கொட்டுவதைக் காட்டினாள். நான் அதுவரை அதைக் கண்டதில்லை. காலை ஊன்றிக்கொண்டு இடுப்பால் முறுகினாள். நாளெல்லாம் அப்படித்தானாம்.

"தூக்கிக்கிட்டு முறுகாதீங்க. காலோட கிறுகுங்க. தொட்டியைப் பாதி நிரப்புங்க."

"பாதி நிரப்பினா சுப்பவைசர் ஏசுவான்."

"ஏச்சுக் கேட்டு டிஸ்க் வெளியில வராது," என்றார் மிஸ்.

காக்கா போகும்போது சுகந்தி அவரிடம் சூப்பு வாளியை வாங்கினாள். பெல்ட்டைத் திரும்ப நீட்டவில்லை. அவரே எடுத்துக்கொண்டு போனார்.

படம் எடுக்கும் முறை வந்தது. குழாய்க்குள் தள்ளினார்கள். அசையக் கூடாது என்றார்கள். எனக்கு அதுதான் பெரிய தண்டனை. சத்தம் எங்கள் மில் மோட்டரில் ஒரு நட் கழன்ற மாதிரி. தட் தட் தட். மூக்குக்கு முன்னால் சுவர். மிஸ் சொன்ன மாதிரி வயிற்று அடிக்கு மூச்சு இழுத்தேன். அசையக் கூடாது என்பது நினைவு வந்தது. பாதியில் விட்டேன்.

பெரிய டொக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்தார். நாலாம் கட்டைக்கும் ஐந்தாம் கட்டைக்கும் நடுவில் இருந்து ஒரு துண்டு கழன்று, பெருவிரலுக்குப் போகிற நரம்பில் கிடந்தது. கால் பலம் இல்லாததால் காத்திருக்காமல் எடுப்பது நல்லது என்றார். எடுத்தால் விரல் வருமா என்று கேட்டேன். நோவு போகும், விரல் வரலாம், உத்தரவாதம் இல்லை என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது. மில்லில் லொறிக்காரர்கள் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் சொல்வார்கள்.

கையெழுத்து வைத்தேன். ஆஸ்பத்திரியில் காசு கேட்பதில்லை. ஆனால் நாட்டாமைக்கு வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. சுகந்தி லீவு எடுக்காமல் பாசிக்குடாவுக்கும் பட்டணத்துக்குமாக பஸ்ஸில் ஓடினாள். அவள் கையில் சவர்க்கார வாசம் போகவே இல்லை.

அந்தப் பின்னேரம் மூத்திரம் பிந்தியது.

தண்ணீர் குடித்தேன். பார்த்தேன். இல்லை. பைப்பைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொன்னார் தாதி மிஸ். இல்லை. சின்ன டொக்டர் வந்து உள்தொடையில் ஊசியின் முனையால் தொட்டார். தெரிகிறதா என்றார். தெரிகிறது என்றேன். உண்மையில் தெரிந்ததா, தெரிய வேண்டும் என்று சொன்னேனா என்று எனக்கே விளங்கவில்லை. செல்லையா அன்று பகிடி விடவில்லை. வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டார் போல இருந்தது.

கொஞ்சம் பொழுது சாய்ந்த பிறகு போனது. போத்தலில் பாதி. பயத்தில் இறுகியிருக்கலாம் என்றார் டொக்டர். ஆனால் பெரிய டொக்டர் பட்டியலை மாற்றி, காலையில் முதல் ஆளாக என்னைப் போட்டார்.

ட்ரொலியில் ஏற்ற முன் சுகந்தி கால்மாட்டில் நின்றாள். என் வலது பெருவிரலைப் பிடித்திருந்தாள். பார்த்ததால் தெரியும். பார்க்காவிட்டால் தெரிந்திருக்காது.

"பிடிக்கிறது தெரியுதா?"

"தெரியுது," என்றேன்.

"பொய்."

"ஓம்."

விடவில்லை. தியேட்டர்க் கதவு வரைக்கும் அப்படியே நடந்து வந்தாள்.

கண் விழித்தபோது காலில் கரண்ட் இல்லை. முதலில் அதைத்தான் தேடினேன். நோவு இருந்த இடமெல்லாம் வெறிச்சென்று கிடந்தது. எடுத்த துண்டு ஒரு கச்சான் கடலை அளவு இருந்தது என்றார் சின்ன டொக்டர். நூற்று ஐம்பது கிலோவை விட அதற்குப் பாரம் கூட. பிறகு விரலை வைத்தார். தள்ளினேன்.

"ஒண்டு."

நரம்பு அமங்கிக் கிடந்தது, மெல்லத்தான் எழும்பும் என்றார். நான் சுவரைப் பார்த்தேன்.

வீட்டுக்குப் போகும்போது ஒரு பிளாஸ்டிக் தாங்கி தந்தார்கள். கெண்டைக்காலுக்குப் பின்னால் இறங்கி உள்ளங்காலுக்குக் கீழே வருகிற மாதிரி. பாதம் தொங்காமல் அது பிடிக்கும். அதைப் போட்டால் நடக்கலாம். பலகையில் ஏற முடியாது. சட்டத்தில் தட்டும்.

முதல் கிளினிக்கில் இரண்டு என்றார்கள். இரண்டாவதில் மூன்று. நான் சந்தோசப்பட்டேன். அதற்கு அடுத்ததிலும் மூன்று. சின்ன டொக்டர் பேனாவை மூடினார்.

"ஐயா, அடுத்த முறையும் மூண்டுல நிண்டா, பாரம் தூக்குற வேலை வேணாம் எண்டு எழுதித் தருவன். லேசான வேலை பாருங்க. தாங்கியோட இருக்கலாம்."

"நாலு வந்தா?"

"நாலு வந்தா நரம்பு இன்னும் வருது எண்டு அர்த்தம். எழுதமாட்டன். காத்திருப்பம்."

அந்த இடைவெளிதான் எல்லாவற்றிலும் மோசம். ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது கிடக்கச் சொன்னார்கள், கிடந்தேன். வீட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. கதிரையில் இருந்து விரலைத் தூக்குவேன். இறக்குவேன். மிஸ் தந்த றப்பர்ப் பட்டியைப் போட்டு இழுப்பேன். வாசலுக்குப் போவேன். வருவேன். சுகந்தி வேலைக்குப் போக முன் தன் கைப் பெருவிரலை என் கால்விரலின் மேல் வைத்துப் பார்ப்பாள். "நேத்தைய விட கூட," என்பாள். அவள் நேற்றும் அதைத்தான் சொன்னாள்.

ஒரு நாள் தவம் கொட்டகைக்குக் கூட்டிப்போனான். பெல்ட் சுவரில் ஆணியில் தொங்கியது. கட்ட வருகிறவன் முதலில் காக்காவின் கையை வயிற்றால் தள்ளிக் காட்ட வேண்டுமாம். காட்டாதவனுக்குப் பெல்ட் இல்லை. ஆடு பழைய இடத்தில் படுத்திருந்தது. காக்கா எனக்குக் கதிரை போட்டார்.

"போட்டிக்கு உன்ட பேரை வெட்டல்ல," என்றார்.

"வெட்டுங்க காக்கா."

"நீ சொல்லி நான் வெட்டமாட்டன்."

மில்லிலும் மாற்றியிருந்தார்கள். முன்பு சத்தமும் தூக்கும் ஒன்றாக இருந்தது. இப்போது முதலில் சத்தம், பிறகு மூச்சை இழுத்து வயிறு முட்டல், பிறகு தூக்கு. தவம்தான் கொண்டுவந்தான். முதல் நாள் ஒருத்தன் சத்தத்தில் தூக்கினான், மற்றவன் மூச்சில் தூக்கினான். மூடை நடுவில் நிலத்தில் விழுந்து வெடித்தது. முதலாளி ஏசினாராம்.

"முதலாளிக்கு என்னத்தச் சொன்னாய்?"

"டொக்டர்ர ஓடர் எண்டன்."

என் இடத்துக்கு ஆள் எடுத்தார்களா என்று கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

கிளினிக் நாள் வந்தது. சுகந்தி லீவு போட்டு வந்தாள். மர வாங்கில் நெருக்கி இருந்தோம். நான் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன். பக்கத்தில் இருந்த மனிசி பிள்ளையை மடி மாற்றிக்கொண்டு, "இருங்க தம்பி, எனக்குத் தலை சுத்துது," என்றார். இருந்தேன். சுகந்தி தாங்கியைக் கழட்டித் தன் மடியில் வைத்திருந்தாள், முன்பு பெல்ட்டை வைத்திருந்த மாதிரி.

பெயர் கூப்பிட்டார்கள்.

கட்டிலில் படுத்தேன். சின்ன டொக்டர் அட்டையைத் திறந்து வைத்துவிட்டு வந்தார். சுட்டுவிரலை என் பெருவிரலின் மேல் வைத்தார். விரலின் சூடு எனக்குத் தெரிந்தது. அதுவே முதல் தடவை.

"தூக்குங்க."

"மூச்சு," என்றாள் சுகந்தி மெதுவாக.

வயிற்று அடிக்கு இழுத்தேன். சுத்திவர முட்டினேன். பிடித்தேன்.

"விரலுக்கு மூச்சு தேவையில்ல ஐயா," என்றார் டொக்டர்.

நான் மூச்சை விடவில்லை. தள்ளினேன். அவர் அமத்தினார். தள்ளினேன். அவருடைய விரல் நுனி வெள்ளையாகியது. கொஞ்சம் மேலே போனது. திரும்ப அமத்தினார். விழவில்லை.

கையை எடுத்துவிட்டு மேசைக்குப் போனார். பேனாவைத் திறந்தார்.

நான்கு.